நெடியும் நரம்பும்: கரைப்பான்கள் மூளையில் செய்வது என்ன?

நீரில் கரையாத எண்ணெய், பிசின், மெழுகு, ரப்பர், பெயின்ட் ஆகியவற்றைக் கரைத்து, வேலை முடிந்ததும் காற்றோடு ஆவியாகிவிடும் கார்பன் சேர்மங்களுக்குக் கரிமக் கரைப்பான்கள் என்று பெயர். தின்னரில் இருக்கும் டொலுவீன், ஷூ பசையில் இருக்கும் ஹெக்ஸேன், நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன், டிரை கிளீனிங் கடையில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன், ஸ்பிரிட்டில் இருக்கும் எத்தனால், தொழிற்சாலைகளுக்குச் செல்லும் மெத்தனால் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. மயிலாப்பூரில் பழைய தேக்குக் கதவுக்கு அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்து பாலிஷ் போடும் ஆசாரி, தி. நகரில் கடை திறப்பு விழாவுக்கு முன் இரவோடு இரவாகப் பலகைகளில் லாமினேட் ஒட்டும் தொழிலாளி, புதுப்பேட்டையில் காருக்கு ஸ்பிரே அடிப்பவர், பட்டுப் புடவைக்குப் பெட்ரோல் வாஷ் செய்பவர் ஆகிய அனைவரும் நாள் முழுவதும் இவற்றின் ஆவியைச் சுவாசிக்கிறார்கள்.

புதிதாகப் பாலிஷ் போட்ட அறையில் அரைமணி நேரம் இருந்தால் தலை கனக்கும், கண் எரியும், சிலருக்குக் கிறுகிறுப்பு வரும். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தால் சரியாகிவிடும். இது எல்லோரும் அறிந்த அனுபவம். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதையும் குடிக்காமல், தொடாமல், மூக்கின் வழியே மட்டும் வந்த ஒன்று வேறு உறுப்புகளை விட்டுவிட்டு மூளையை முதலில் பாதிப்பது எப்படி? தலைசுற்றல் மட்டும் எல்லாக் கரைப்பான்களுக்கும் பொதுவாக இருக்க, நிரந்தரச் சேதம் மட்டும் ஆளுக்கொரு விதமாக அமைவது ஏன்? மெத்தனால் கண்ணைப் பறிக்கிறது. ஹெக்ஸேன் காலைத் தளர்த்துகிறது. டொலுவீன் நடையையும் நினைவையும் குலைக்கிறது.

முதல் கேள்விக்கு விடை கரைப்பானின் இயல்பில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் உடல் அந்தக் கரைப்பானை என்னவாக மாற்றுகிறது என்பதில் இருக்கிறது.

மூச்சிலிருந்து மூளைக்கு

நுரையீரலின் காற்றுப் பைகளை விரித்துப் போட்டால் அவற்றின் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர் வரும். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரோ மிக மெல்லியது. கரைப்பானின் ஆவி இந்தச் சுவரைக் கடக்கத் தனி வாயில் எதுவும் தேவையில்லை. செல்களின் சவ்வே கொழுப்பால் ஆனது; கொழுப்பில் கரையும் பொருள் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும்.

வாய் வழியே உள்ளே போகும் பொருள், குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே அதன் ஒரு பகுதி சிதைக்கப்பட்ட பிறகே மற்ற உறுப்புகளுக்குப் போகும். மூச்சில் வந்த ஆவிக்கு இந்தத் தணிக்கை கிடையாது. நுரையீரலிலிருந்து இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து நேராக மூளைக்கு ஏறிவிடுகிறது. உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம். ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் அதற்குக் கிடைப்பதோ சுமார் 15 சதவீதம். எனவே இரத்தத்தில் கலந்த எதுவும் சில நொடிகளில் மூளையை எட்டிவிடும்.

இரத்தத்தில் உள்ள பெரும்பாலான பொருள்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் அரண் ஒன்று உண்டு. இரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதே அந்த அரண். நீரில் கரையும் நச்சுகளை அது நன்றாகவே தடுக்கிறது. கொழுப்பில் கரைவதை அதனால் தடுக்க முடியாது. மூளையின் ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் மீதமுள்ளதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். எனவே கரைப்பான் அங்கே நுழைவது மட்டுமல்ல, தங்கவும் செய்கிறது. பெயின்டின் பிசினைக் கரைக்க எந்தக் குணம் உதவுகிறதோ, அதே குணம்தான் அதை மூளைக்குள்ளும் கொண்டுசெல்கிறது.

உள்ளே போகும் அளவு வேலையின் கடுமையைப் பொறுத்தது. உட்கார்ந்திருப்பவரைவிட, சாரத்தில் ஏறி இறங்கிப் பெயின்ட் அடிப்பவர் பல மடங்கு காற்றை இழுக்கிறார். ஆவியும் அதற்கேற்ப அதிகமாக உள்ளே போகிறது. சென்னையின் மே மாத வெயிலில் கரைப்பான் வேகமாக ஆவியாகும். தோல் வழியாகவும் ஒரு பகுதி உடலில் சேர்கிறது. மாலையில் வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய பெயின்டைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளும் வழக்கம் பட்டறைகளில் சாதாரணம். தின்னர் பெயின்டோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. வறண்டு வெடித்த தோல் மறுநாள் இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறது.

மயக்கத்தின் கதை

கரைப்பான்கள் மூளையை மந்தப்படுத்துவதை மருத்துவம் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறது. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஈதர் ஆவியைச் சுவாசிக்க வைத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே குளோரோஃபார்ம் வந்தது. இரண்டுமே கரிமக் கரைப்பான்கள். 20ஆம் நூற்றாண்டில், உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன், பிரசவ வலியைக் குறைக்கும் மயக்க மருந்தாகவும் மருத்துவமனைகளில் இருந்தது.

மயக்கம் எப்படி வருகிறது என்று முதலில் ஒழுங்காகத் தேடியவர்கள் ஜெர்மனியில் ஹான்ஸ் மேயரும் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய சார்லஸ் ஓவர்ட்டனும். 1899 முதல் 1901 வரை இருவரும் தனித்தனியே தலைப்பிரட்டைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பொருள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு எளிதாகக் கரைகிறதோ, அவ்வளவு குறைந்த அளவே தலைப்பிரட்டையை மயக்கப் போதுமானது என்று கண்டார்கள். வேதியியல் அமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்களுக்கும் இந்த விதி பொருந்தியது. நரம்புச் செல்லின் கொழுப்புச் சவ்வு இவற்றால் ஊறிக் குலைவதே மயக்கம் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது.

1984இல் லண்டனில் நிக்கோலஸ் ஃபிராங்க்ஸும் வில்லியம் லீபும் அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். மின்மினிப்பூச்சியின் ஒளிக்குக் காரணமான புரதத்தைக் கொழுப்பு சிறிதும் இல்லாமல் பிரித்தெடுத்து, அதன்மீது மயக்க மருந்துகளைச் செலுத்தினார்கள். கொழுப்பே இல்லாத இடத்திலும் அந்த மருந்துகள் புரதத்தின் வேலையைத் தடுத்தன. உயிரினங்களை மயக்கும் அளவும் இந்தப் புரதத்தைத் தடுக்கும் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போயின. கரைப்பான்கள் புரதங்களில் உள்ள கொழுப்பு விரும்பும் இடுக்குகளில் நேராகப் போய் அமர்கின்றன என்பது இதிலிருந்து துலங்கியது. இன்றைய அறிவின்படி அவை தொடும் முக்கியப் புரதங்கள் இரண்டு வகை. நரம்புச் செல்லை அடக்கும் காபா ஏற்பிகளின் வேலையை அவை கூட்டுகின்றன. நரம்புச் செல்லைத் தூண்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளின் வேலையைக் குறைக்கின்றன. சாராயம் செய்வதும் ஏறக்குறைய இதுவே. பெயின்ட் அடித்து முடித்தவர் குடிக்காமலே தள்ளாடுவதற்கும், உற்சாகம், உளறல், தடுமாற்றம், உறக்கம் என்ற வரிசை எல்லாக் கரைப்பான்களுக்கும் பொதுவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த ஆரம்பகட்ட மயக்கத்திலும் உயிருக்கு ஆபத்து உண்டு. குளோரோஃபார்ம் கொடுத்தவுடன் சிலர் மேசையிலேயே இறந்ததற்குக் காரணம் தேட, ஹைதராபாத் நிஜாமின் பொருளுதவியோடு 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் அமைந்தன. எட்வர்ட் லாரி தலைமையில் விலங்குகளைச் சோதித்த அவை, மூச்சு நிற்பதால்தான் மரணம் நேர்கிறது, இதயம் முதலில் நிற்பதில்லை என்று முடிவு கூறின. 1911இல் இங்கிலாந்தில் குட்மேன் லெவி அந்த முடிவு தவறு என்று காட்டினார். குளோரோஃபார்மில் ஊறிய இதயத்தின்மீது அட்ரினலின் சுரப்பு பாய்ந்தால் இதயத் தசை ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடும். கரைப்பானை வேண்டுமென்றே முகரும் சிறுவர்கள், யாராவது துரத்தும்போதோ பதறும்போதோ சட்டென்று விழுந்து இறப்பதற்கும் இதுவே காரணம்.

கால்விரலில் தொடங்கும் நோய்

மயக்கம் தெளிந்துவிடும். தெளியாத சேதத்துக்கு ஹெக்ஸேனே சிறந்த பாடம். ஆறு கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த இந்த நீர்மம் 69 டிகிரியில் கொதிக்கும். பசையிலிருந்து வேகமாக உலர்ந்துவிடும். அதனாலேயே தோல் பொருள், காலணி, அச்சு ஆகிய தொழில்களுக்குப் பிடித்துப்போனது.

1960களில் ஜப்பானில், வீட்டிலேயே செருப்பு ஒட்டி வாழ்ந்த தொழிலாளர்களின் கால்விரல்கள் மரத்துப்போயின. பிறகு கணுக்கால் தொங்கியது, படி ஏற முடியவில்லை, கையின் பிடியும் தளர்ந்தது. டோக்கியோவின் ஒரு பகுதியில் மட்டும் இப்படிப்பட்ட 93 பேரை 1969இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. பசையில் இருந்த ஹெக்ஸேன் மீது ஐயம் விழுந்தது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1973இல் இதே நோய், பூச்சுத் துணி தயாரிக்கும் ஆலையின் அச்சுப் பிரிவில் தோன்றியது. அங்கே ஹெக்ஸேன் இல்லை. மெத்தில் பியூட்டைல் கீட்டோன் என்ற வேறொரு கரைப்பானைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே நோயைத் தருமா? பீட்டர் ஸ்பென்சர், ஹெர்பர்ட் ஷாம்பர்க் முதலிய ஆய்வாளர்கள் விலங்குகளில் இதைத் தொடர்ந்தபோது விடை கிடைத்தது. கல்லீரலின் நொதிகள் இந்த இரண்டையும் உடைக்கும்போது 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற ஒரே பொருள் உருவாகிறது. அதை நேரடியாக எலிக்குக் கொடுத்தாலும் இதே நோய் வருகிறது. நச்சைக் கழிப்பதற்காக உடல் செய்யும் வேலையே இங்கே கொடிய நச்சை உண்டாக்குகிறது.

இந்தப் பொருளில் ஆக்சிஜன் தாங்கும் இரண்டு முனைகள், நடுவில் இரண்டு கார்பன் அணு இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. அந்த இடைவெளிதான் எல்லாம். அது புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி வளையமாக மூடிக்கொள்ளச் சரியாக இருக்கிறது. முனைகள் ஓரிடம் தள்ளி அமைந்த 2,4-ஹெக்ஸேன்டையோன் இந்த நோயைத் தருவதில்லை. ஐந்து கார்பன் உள்ள பென்டேனும் ஏழு கார்பன் உள்ள ஹெப்டேனும் ஹெக்ஸேன் அளவுக்கு நரம்பைத் தாக்காததும் இதனால்தான். எனவே பசைகளில் ஹெக்ஸேனுக்குப் பதில் ஹெப்டேன் கலப்பது நடைமுறைக்கு ஏற்ற பாதுகாப்பு வழியாயிற்று.

அந்த வளையம் நரம்புக்குள் என்ன செய்கிறது என்பதைச் சென்னையின் மின்சார ரயில் தடத்தைக் கொண்டு எளிதாகப் பார்க்கலாம். முதுகுத்தண்டில் இருக்கும் நரம்புச் செல்லைக் கடற்கரை நிலையம் என்று கொண்டால், கால்விரல் செங்கல்பட்டு. இடையே ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடும் நரம்பிழையே தண்டவாளம். நரம்பிழைக்கு வேண்டிய புரதங்களெல்லாம் கடற்கரையில் மட்டுமே உற்பத்தியாகின்றன. வழியெங்கும் அவற்றை மெல்ல மெல்லக் கொண்டுசேர்க்க வேண்டும். நரம்பிழைக்குச் சட்டமாக விளங்கும் இழைப் புரதங்கள், ரயில் பெட்டிகளைப் போல, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்திலேயே நகர்கின்றன. 2,5-ஹெக்ஸேன்டையோன் இந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், பெட்டிகள் கோத்துக்கொண்டு நிலையங்களுக்கு முன்னால் நெரிசலாக நிற்கின்றன. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை இடைவெளிவிடும் ஒவ்வொரு குறுகிய கணுவுக்கும் சற்று முன்னால் நரம்பிழை ஊதிப் பெருக்கிறது. சரக்கு வராமல் முதலில் காய்வது வழியிலுள்ள மாம்பலமல்ல, கடைசி நிலையமான செங்கல்பட்டுதான். நோய் தொடையிலோ தோளிலோ தொடங்காமல் எப்போதும் கால்விரலில் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

வேலையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் நோய் கூடிக்கொண்டே போகும்; பிணைந்துவிட்ட இழைகள் தொடர்ந்து நகர்ந்து நெரிவதால் இப்படி ஆகிறது. பிறகு நரம்பிழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மறுபடி வளர்கிறது. லேசான பாதிப்பு மாதங்களில் தீரும். கடுமையானதற்கு ஆண்டுகள் பிடிக்கும். முதுகுத்தண்டுக்குள் ஓடும் இழைகள் பட்டுப்போயிருந்தால் கால் விறைப்பு நிலைத்துவிடும்.

கலவைகள் இன்னொரு பாடத்தைத் தந்தன. 1970களில் பெர்லினில் தின்னர் முகரும் இளைஞர்களிடையே திடீரென்று இந்த நோய் பெருகியது. தின்னரில் ஹெக்ஸேன் முன்பே இருந்தது. புதிதாகச் சேர்ந்தது மெத்தில் எத்தில் கீட்டோன். அது தனியாக இந்த நோயைத் தருவதில்லை, ஆனால் ஹெக்ஸேனின் நச்சைக் கூட்டுகிறது. டின்னுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பாதுகாப்பானதென்று சொல்லிவிட்டுக் கலவையை நம்பிவிட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இது பழங்கதையல்ல. சீனாவின் சூஜோ நகரில் ஆப்பிள் நிறுவனத்துக்குத் தொடுதிரை செய்துகொடுத்த ஆலையில், திரையைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதில், சீக்கிரம் உலர்கிறது என்பதற்காக ஹெக்ஸேனைக் கொண்டுவந்தார்கள். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை 2011இல் ஆப்பிள் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. டெல்லியில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைத் தொழிலாளர்களுக்கு இதே நரம்பு நோய் வந்ததை மருத்துவர்கள் 2007இல் பதிவு செய்தார்கள். திருமண அழைப்பிதழும் பையும் அச்சிடும் சிறு பட்டறைகள் சென்னையிலும் நிறைய உண்டு.

மெத்தனால்: கண்ணைப் பறிக்கும் அமிலம்

2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் வட்டாரங்களில் கள்ளச்சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு முறையும் காரணம் மெத்தனால். பெயின்ட், பிசின் முதலிய தொழில்களுக்கான இந்தக் கரைப்பான், நிறத்திலும் மணத்திலும் எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்கிறது.

மெத்தனால் தானாகத் தரும் போதை குறைவு. அதுவே நேராகச் செய்யும் கெடுதலும் பெரிதல்ல. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது உடனே ஃபார்மிக் அமிலமாகிறது. மனித உடல் இந்த அமிலத்தை மிக மெதுவாகத்தான் அப்புறப்படுத்துகிறது. அமிலம் சேரச் சேர, செல்லின் ஆற்றலை உண்டாக்கும் இழைமணிகளில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படி தடைபடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் மூச்சுத் திணறுகிறது. அதிக ஆற்றலைச் செலவழிக்கும் விழித்திரையும் பார்வை நரம்பும் முதலில் பாதிக்கப்படுகின்றன. மூளையின் நடுவே இருக்கும், அசைவை ஒழுங்குபடுத்தும் புட்டாமென் என்ற பகுதியும் அழுகிவிடலாம். ஸ்கேனில் இருபுறமும் அது தெளிவாகத் தெரியும்.

அமிலம் சேர 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. அதற்குள் குடித்தவர் தூங்கி எழுந்து, ஒன்றுமில்லை என்று வேலைக்கும் போயிருப்பார். பிறகு வயிற்றுவலி, வாந்தி, கண்முன் பனி மூடியது போன்ற வெளிறல் எல்லாம் வரும். சாராயத்தோடு எத்தனாலும் கலந்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். இதிலிருந்தே சிகிச்சையும் பிறந்தது. அந்த நொதி மெத்தனாலைவிட எத்தனாலைப் பல மடங்கு விரும்பிப் பற்றுகிறது. எனவே மருத்துவமனையில் அளவறிந்து எத்தனால் கொடுத்தால், நொதி அதில் ஈடுபட்டிருக்க, மெத்தனால் அமிலமாகாமல் சிறுநீரிலும் மூச்சிலும் வெளியேறும். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியை நேராகவே தடுக்கிறது. சேர்ந்துவிட்ட அமிலத்தை டயாலிசிஸ் கழுவி எடுக்கிறது. மருத்துவமனைக்கு விரைந்து வருவோரின் பார்வையைக் காப்பாற்ற முடிவது இதனால்தான். வீட்டில் சாராயம் கொடுப்பது இதற்கு மாற்றாகாது. அளவும் கண்காணிப்பும் இல்லாமல் அது இன்னொரு நஞ்சாகிவிடும்.

டொலுவீனும் வெண்பொருளும்

டொலுவீன் வேறு வழியில் செல்கிறது. கல்லீரல் அதைப் பென்சாயிக் அமிலமாகவும், பிறகு ஹிப்யூரிக் அமிலமாகவும் மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அந்தப் பாதையில் நரம்பை அழிக்கும் நச்சு எதுவும் உருவாவதில்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அதிக அளவில் அதை முகர்ந்தவர்களின் மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மாறித் தெரிகிறது. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை தேய்ந்து, மூளையின் வெண்பொருள் சிதைகிறது. நடை அகன்று தள்ளாடுகிறது, கண்மணி நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, நினைவும் தீர்மானிக்கும் திறனும் குன்றுகின்றன. மயலின் உறையில் பெரும்பகுதி கொழுப்பு என்பதால் டொலுவீன் அங்கே அதிகம் சேர்கிறது என்பது இதற்குத் தரப்படும் முதன்மையான விளக்கம்.

இந்தச் சேதம் பெயின்டர்களைவிட, பஞ்சர் சொல்யூஷனையும் ஒயிட்னரையும் தின்னரையும் முகரும் சிறுவர்களிடம்தான் கடுமையாகத் தெரிகிறது. போதைப்பொருள் பயன்பாடு குறித்து மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.7 சதவீதத்தினர் முகரும் போதையில் இருந்தார்கள். பெரியவர்களில் அது 0.58 சதவீதம். சிறுவர்களிடம் பெரியவர்களைவிட அதிகமாக இருந்த ஒரே போதைப் பழக்கம் இதுவே. பாட்டில் ஒயிட்னரையும் தின்னரையும் சில்லறையாக விற்க 2012இல் மத்திய அரசு தடை விதித்தது இந்தக் கவலையால்தான்.

எல்லாவற்றிலும் அதிகம் குடிக்கப்படும் கரைப்பான் எத்தனால். அதற்கு அடிமையானவர்களுக்காக அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையை, 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளை நடத்துகிறது. குடிநோயை நடத்தைக் கோளாறாக ஒதுக்காமல் நோயாகவே கொண்டு சிகிச்சை தருவது அதன் பணி. நீண்ட காலக் குடியும் கால் நரம்புகளையும் சிறுமூளையையும் அழிக்கிறது. அதில் தயமின் என்ற வைட்டமின் பி1 குறைபாட்டுக்கும் பெரும்பங்கு உண்டு.

பெயின்டர்களிடம் கண்டது

முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளாமல், வேலைக்காக மட்டும் சிறிது சிறிதாகச் சுவாசிப்பவர்களின் மூளை என்ன ஆகிறது? இதுதான் விடை காணக் கடினமான கேள்வி. ஸ்வீடனில் ஆக்செல்சன், ஹானே, ஹாக்ஸ்டெட் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், கரைப்பான்களோடு நெடுங்காலம் பணியாற்றிய பெயின்டர்கள் முதலானோர், நரம்பு, மனநலக் காரணங்களால் ஓய்வூதியம் பெறுவது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. டென்மார்க்கிலும் ஃபின்லாந்திலும் நினைவு, கவனம், எதிர்வினை வேகம் ஆகியவற்றை அளக்கும் சோதனைகள் தொடர்ந்தன.

எதிர்வாதங்களும் எழுந்தன. பெயின்டர்கள் அதிகம் குடிக்கிறார்களோ? படிப்பு குறைந்தவர்களே இந்த வேலைக்கு வருகிறார்களோ? வயதால் வந்த மறதியோ? இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்க ஆய்வாளர்கள் முறைகளைக் கூர்மைப்படுத்தினார்கள். 1985இல் உலக சுகாதார அமைப்பு கூட்டிய கருத்தரங்கும் அதே ஆண்டு அமெரிக்காவின் ராலி நகரில் நடந்த ஆய்வரங்கும் இந்த நோயை நிலைகளாகப் பிரித்தன. எரிச்சல், சோர்வு, தூக்கமின்மை என்பது முதல் நிலை, அது மீளக்கூடியது. குணமும் ஊக்கமும் மாறுவதும், நினைவும் கவனமும் அளக்கத்தக்க அளவு குறைவதும் இரண்டாம் நிலை. அறிவு முழுதும் சிதைவது மூன்றாம் நிலை. அது பெரும்பாலும் வேண்டுமென்றே முகர்ந்தவர்களிடமே காணப்படுகிறது. முதல் நிலையில் கண்டுகொண்டு விலகினால் மூளை தேறிவிடும் என்பதே இந்தப் பிரிவினையின் பயன்.

கண்ணும் காதும் முன்னறிவிப்பு தருகின்றன. ஸ்டைரீன், டொலுவீன் ஆவியில் பணியாற்றுவோருக்கு நீலம், மஞ்சள் நிற வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் மெல்லக் குறைவது பல நாடுகளில் அளக்கப்பட்டிருக்கிறது. இயந்திர இரைச்சலோடு இந்த ஆவியும் சேர்ந்தால் செவித்திறன் இழப்பு கூடுகிறது. டிரைகுளோரோஎத்திலீன் இன்னும் நீண்ட நிழலை வீசுகிறது. அமெரிக்காவின் லெஜூன் படைமுகாமில் அது கலந்த குடிநீரைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு, தூய நீர் கிடைத்த மற்றொரு முகாமினரைவிட 70 சதவீதம் அதிகம் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

அளத்தலும் தடுத்தலும்

கரைப்பான் உடலில் புகுந்ததைச் சிறுநீர் சொல்லிவிடும். டொலுவீனுக்கு ஹிப்யூரிக் அமிலமும் ஆர்த்தோ கிரெசாலும், ஹெக்ஸேனுக்கு 2,5-ஹெக்ஸேன்டையோனும் அடையாளங்கள். நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளக்கும் சோதனை, தொழிலாளிக்கு முழுமையாகத் தெரியவரும் முன்பே சேதத்தைக் காட்டக்கூடும். பணியிடக் காற்றில் உள்ள ஆவியை அளக்கும் தொழிற்சுகாதாரப் பணி, சென்னையில் சர்தார் படேல் சாலையிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் நடக்கிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், காற்றில் டொலுவீன் 8 மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை இருக்கலாம் என்று வரம்பிட்டது. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைப்பது 20 பங்கு. பென்சீன் நச்சும் கார்பன் டைசல்ஃபைடு நச்சும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களாக அந்தச் சட்டத்தில் இடம்பெற்றன. ஆனால் மின்விசையோடு குறைந்தது 10 பேர் வேலை செய்யும் இடத்தையே அது தொழிற்சாலை என்றது. நான்கு பேர் சேர்ந்து பாலிஷ் போடும் வீடும், மூவர் நடத்தும் ஸ்பிரே பட்டறையும், குடும்பமே செருப்பு ஒட்டும் அறையும் அதற்கு வெளியே நின்றன. நரம்பு நோய்கள் முதலில் வெளிப்பட்டதோ, ஜப்பானியச் செருப்புத் தொழிலாளர்களைப் போல, அத்தகைய சிறிய இடங்களில்தான். சட்டத்தின் கண் எட்ட வேண்டியது அங்கேதான்.

சிறந்த தடுப்பு, தீய கரைப்பானை நல்லதாக மாற்றுவது. டென்மார்க்கில் பெயின்டர்களின் நோயே நீர் அடிப்படையிலான பெயின்டை ஊக்குவித்தது. இன்று சென்னை வீடுகளின் உட்சுவர்களுக்கு அடிக்கும் எமல்ஷன் அந்த வகையே. மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் எனாமல், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பாலிஷ், பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு ஆகியவற்றில்தான் ஆபத்து மீந்திருக்கிறது. தோலுக்குப் பளபளப்பேற்றும் பூச்சுகளிலும் நீரையே ஊடகமாகக் கொள்ளும் மாற்றம், 1948இல் தொடங்கி அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துறைக்கு நெருக்கமான வேலை.

மாற்ற முடியாத இடத்தில் காற்றோட்டமே காவல். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. டொலுவீன் ஆவி சுமார் மூன்று மடங்கு கனம். எனவே அது தரையோடு தேங்கும்; கீழே குனிந்து வேலை செய்பவரையும் அறையில் தூங்குபவரையும் அதிகம் சூழும். தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கி உட்பூச்சு அடிப்பவர் சில நிமிடங்களில் மயங்கி விழலாம். காப்பாற்ற இறங்குபவரும் அப்படியே விழுவார். தூசி ஒட்டக்கூடாது என்று சன்னலைச் சாத்திவிட்டு ஸ்பிரே அடிப்பதும், ஏ.சி. போட்டு மூடிய அறையில் லாமினேட் ஒட்டுவதும் ஆவியை உள்ளேயே சுற்றவிடும் செயல்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி முகக்கவசமும் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கிளர்வூட்டிய கரி நிரப்பிய குப்பியுள்ள முகக்கவசம் வேண்டும். அந்தக் கரியையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும்.

மூக்கை நம்பியிருக்கவும் கூடாது. எந்த நெடியும் சிறிது நேரத்தில் பழகிவிடும். ஆவி குறையாதபோதே மூக்கு அதை உணர மறந்துவிடும். மாலையில் தலைவலி, விடுமுறை நாளில் அது மறைதல், கால்விரல் மரத்தல், பிடி நழுவுதல், புதிய எரிச்சலும் மறதியும் ஆகியவையே நம்பத்தக்க அறிகுறிகள். இவற்றோடு மருத்துவரிடம் போகும் தொழிலாளி, தான் செய்யும் வேலை என்ன, கையாளும் டின்னின் பெயர் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவரும் அதைக் கேட்க வேண்டும். கரைப்பானால் வரும் நரம்பு நோயை முறிக்கும் மருந்து பெரும்பாலும் இல்லை. ஆவியிலிருந்து உரிய நேரத்தில் விலகுவதே பெரும்பாலானோருக்கு முழுச் சிகிச்சையாகிறது.